சாவியைத் துரத்தும் முகமூடி: ஃபான்டோவிடமிருந்து தப்ப நால்வரில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்குபவர்கள் முதலில் மிரள்வது பெரிய வில்லனைப் பார்த்து இல்லை, ஒரு முகமூடியைப் பார்த்துத்தான். அதன் பெயர் ஃபான்டோ. பூட்டிய கதவைத் திறக்கும் சாவி இருக்கும் அறையில் அலங்காரப் பொருள்போல அசையாமல் இருக்கும். சாவியை நீங்கள் கையில் எடுத்ததும் கிளம்பும். அப்புறம் சுவர், கூரை, தரை எதுவும் அதற்குத் தடையில்லை. அறையை விட்டு வெளியே ஓடினாலும் அடுத்த அறைக்குப் பின்னாலேயே வரும்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு லெவலுக்கும் முன்னால் மாரியோ, லூயிஜி, டோட், இளவரசி பீச் ஆகிய நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாவி இருக்கும் லெவலுக்கு யாரை எடுப்பது என்பதில்தான் பலர் திண்டாடுகிறார்கள். "டோட்தான் வேகம், டோட்டை எடு" என்று சிலர் சொல்வார்கள். "பீச் மிதப்பார், அவர்தான் பாதுகாப்பு" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் ஒரே வழிக்குப் பொருந்தாது. சாவி இருக்கும் இடத்திலிருந்து பூட்டிய கதவு வரை உள்ள வழி எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் என் அனுபவத்தில் பலன் தந்திருக்கிறது.

முதலில் அந்த முகமூடி எப்படித் துரத்துகிறது என்று பார்ப்போம்

ஃபான்டோ உங்களை நோக்கி ஒரே சீரான வேகத்தில் வருவதில்லை. உங்கள் பக்கமாக மெல்ல மெல்ல வேகம் எடுக்கும். வேகம் ஏறிய பிறகு சட்டென்று நிற்க அதனால் முடியாது. அதனால் உங்களைத் தாண்டிப் போய், தணிந்து, வளைந்து, மறுபடி உங்கள் பக்கம் திரும்பும். திரையில் அது ஊஞ்சல் ஆடுவதுபோல் தெரிவது இதனால்தான்.

ஒரு சாவி அறையிலிருந்து வெளியே வரும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சாவி அறை பெரும்பாலும் நாம் உள்ளே இறங்கக்கூடிய ஒரு ஜாடிக்குள் இருக்கும். அந்த ஜாடியிலிருந்து சாவியோடு மேலே வருகிறீர்கள். திரையில் யாரும் இல்லை. இரண்டடி ஓடுவதற்குள் ஓர் ஓரத்திலிருந்து முகமூடி உள்ளே நுழைகிறது. உங்கள் தலைக்கு மேலே சாய்வாக இறங்குகிறது. இந்த நேரத்தில் பயந்து அதற்கு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தால், அது வேகம் எடுக்க நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அது கிட்டே வரும் கணத்தில் சட்டென்று திரும்பி அதன் அடியில் புகுந்தால், அது உங்களைத் தாண்டிப் போய்விடும். அது திரும்பி வருவதற்குள் உங்களுக்கு ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். இந்த ஒன்றைப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாவி கையில் இருக்கும்போது கை நிறைந்துவிட்டது. வழக்கம்போலச் செடி பிடுங்கி எதிரி மேல் எறிய முடியாது. இந்த ஆட்டத்தில் எதிரியின் தலையில் குதித்தாலும் அது சாகாது, அதன் மேல் நின்று சவாரிதான் போவீர்கள். ஆகவே சாவியோடு ஓடும் நேரத்தில் வழியில் இருக்கும் மற்ற எதிரிகளும் பெரிய தொல்லை. சாவியைத் தொடுவதற்கு முன்பே வழியைச் சுத்தம் செய்துவிட்டால் அப்போது முகமூடியை மட்டும் பார்த்தால் போதும்.

எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, சுமையோடு ஓடும் வேகம். வெறுங்கையோடு ஓடும் வேகம் இங்கே பெரிதாக உதவாது. இரண்டாவது, திரும்பும் வழியின் வடிவம்: நேர்த்தரையா, மேலேறும் படிகளா, நடுவில் பள்ளங்களா? மூன்றாவது, தவறு செய்தால் எவ்வளவு மன்னிப்பு கிடைக்கும் என்பது. நான்காவது, அந்த லெவலின் மீதிப் பகுதி. ஆளை லெவலுக்கு நடுவில் மாற்ற முடியாது. முகமூடிக்காக எடுத்த ஆளோடுதான் லெவலின் முடிவில் இருக்கும் எதிரியையும் சந்திக்க வேண்டும்.

ஐந்தாவதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஆடுவது எந்தப் பதிப்பு? 1988இல் நின்டென்டோவின் என்.ஈ.எஸ் கேம் கருவிக்கு வந்த பதிப்பில் 3 உயிர், 2 முறை தொடரும் வாய்ப்பு, அவ்வளவுதான். உயிர் போனாலும் அதே ஆளோடுதான் மீண்டும் தொடங்க வேண்டும். பிறகு வந்த சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் ஓர் உயிர் போன பிறகு ஆளை மாற்றிக்கொள்ளலாம். அதனால் அங்கே தவறான தேர்வுக்கு விலை மிகக் குறைவு. நின்டென்டோவின் புதிய கருவியான ஸ்விட்சில் என்.ஈ.எஸ் ஆட்டமாக ஆடுபவர்களுக்குப் பின்னோக்கிச் சுற்றும் வசதியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஒரே துரத்தலைப் பத்து முறை பார்த்துப் பழகலாம். அதில் தப்பு எதுவும் இல்லை.

| | சுமையோடு வேகம் | தாவல் | மன்னிப்பு | பொருத்தமான வழி | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|---|
| டோட் | மிக நன்று | குறைவு | குறைவு | நேர்த்தரை, மணல் தோண்டல் | அகலமான பள்ளங்கள் |
| பீச் | மந்தம் | மிதப்பு | அதிகம் | பள்ளங்கள் நிறைந்த வழி | செடி பிடுங்க நேரம் |
| லூயிஜி | நடுத்தரம் | மிக உயரம் | நடுத்தரம் | மேல்நோக்கி ஏறும் அறைகள் | தரையிறங்கும் இடம் கட்டுப்பாட்டில் இல்லை |
| மாரியோ | நன்று | நடுத்தரம் | நடுத்தரம் | எதுவும் | எதிலும் முதலிடம் இல்லை |

டோட்: கையில் சுமை இருந்தும் தளராதவர்

டோட்டைப் பற்றி எல்லோரும் சொல்வது "வேகமானவர்" என்று. ஆனால் வெறுங்கையோடு ஓடும்போது அவருக்கும் மாரியோவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கையில் பொருளை எடுத்த பிறகுதான் அவர் யார் என்று தெரியும். மற்றவர்களைச் சுமை அழுத்தும், இவரை அழுத்தாது. சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம் வேலை என்பதால், இந்தப் போட்டியில் இவருக்குத் தனி இடம் உண்டு.

செடி பிடுங்குவதிலும் மணல் தோண்டுவதிலும் இவர் கைதான் வேகம். இரண்டாம் உலகம் பாலைவனம். அங்கே மணலைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வழி உண்டாக்க வேண்டிய இடங்கள் வரும். பீச் ஒரு பிடி அள்ளுவதற்குள் டோட் பல பிடி அள்ளி முடித்திருப்பார். ஒரு எச்சரிக்கை மட்டும்: கீழே ஒரு பொருளை எடுக்கத் தோண்டுகிறீர்கள் என்றால் நேர்க்குழியாகத் தோண்டாதீர்கள். திரும்பி ஏறிவரப் படிபோல விட்டுத் தோண்டுங்கள். டோட்டின் தாவல் குறைவு. ஆழமான குழியில் மாட்டிக்கொண்டு முகமூடிக்குக் கீழே நிற்பது கஷ்டமான நிலை.

அந்தக் குறைந்த தாவல்தான் இவருடைய விலை. அகலமான பள்ளம் வந்தால் ஓட்டத்தின் வேகத்தோடு சரியான ஓரத்தில் தாவ வேண்டும். உயரமான மேடைக்குக் கீழ்ப் பட்டனை அழுத்திப் பதுங்கி, உடல் மின்னத் தொடங்கிய பிறகு தாவ வேண்டும். இந்தப் பதுங்கல் தாவல் நால்வருக்கும் உண்டு, ஆனால் அதற்காக ஒரே இடத்தில் நின்றாக வேண்டும். பின்னால் ஃபான்டோ வரும்போது நின்று பதுங்குவது எவ்வளவு நீண்ட நேரமாகத் தெரியும் என்பதை ஆடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டோட்டை எடுக்க வேண்டியவர்: வழியை ஏற்கெனவே அறிந்தவர், கதவு எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் ஓடக்கூடியவர். வழி தெரியாமல் டோட்டை எடுத்தால் தவறான திசையில் வேகமாகப் போவீர்கள், அவ்வளவுதான்.

பீச்: தவறைத் திருத்திக்கொள்ள நேரம் தருபவர்

பீச் தாவிய பிறகு பட்டனை விடாமல் பிடித்திருந்தால் சுமார் ஒன்றரை நொடி காற்றில் அப்படியே கிடைமட்டமாக மிதப்பார். கையில் சாவி இருந்தாலும் மிதப்பு குறையாது. கேட்பதற்குச் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் புதிதாக ஆடுபவர்களின் உயிர் பெரும்பாலும் போவது முகமூடி தொட்டதால் இல்லை. முகமூடியைப் பார்த்துப் பதறி, பள்ளத்தைத் தவறாகக் கணித்து விழுவதால்தான். முகமூடி தொட்டால் போவது ஒரு உடல்நலப் புள்ளி. பள்ளத்தில் விழுந்தால் போவது ஒரு முழு உயிர். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பீச் ஏன் பாதுகாப்பான தேர்வு என்று புரியும்.

என் முதல் சில நாட்களில் நான் டோட்டைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சாவியோடு பள்ளத்தில் விழுந்தேன். பீச்சுக்கு மாறியதும் அதே இடத்தைத் தாண்டினேன். முகமூடி இரண்டு முறை தொட்டது, ஆனாலும் கதவு திறந்தது. மிதக்கும்போது கீழே பார்க்க நேரம் கிடைக்கிறது. அந்த ஒன்றரை நொடியில் மனம் ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது.

சரி, விலை என்ன? சுமையோடு இவர் மந்தமாகத்தான் போவார். நீளமான நேர்த்தரையில் ஃபான்டோ இவரைத் திரும்பத் திரும்பப் பிடிக்கும். மிதப்பிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: மிதக்கும்போது நீங்கள் போகும் பாதை ஒரே நேர்கோடு. முகமூடி வளைந்து வந்து அந்தக் கோட்டில் மோதினால் விலக வழி குறைவு. பள்ளத்துக்கு மேலே மட்டும் மிதந்து, தரை வந்ததும் பட்டனை விட்டுவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் மிதப்பதுதான் பீச் ஆட்டக்காரர்கள் செய்யும் பொதுவான தவறு.

லெவல் முடிவையும் மறக்கக் கூடாது. 1-3இன் (முதல் உலகத்தின் மூன்றாவது லெவல்) முடிவில் வரும் மவுசர் என்ற எலி வெடிகுண்டுகளை வீசும். அவற்றைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். கை வேகம் குறைந்த பீச்சோடு இது பதற்றமான சண்டை. சாவிப் பகுதியில் மிச்சம் பிடித்த உயிரை இங்கே இழக்க வாய்ப்பு உண்டு.

லூயிஜி: உயரம் வேண்டிய இடத்துக்கு

நால்வரில் மிக உயரத் தாவுபவர் லூயிஜி. காற்றில் கால்களை உதறிக்கொண்டே மேலே போவார். அடுக்கடுக்காக மேடைகள் உள்ள அறைகளில் மற்றவர்கள் பதுங்கித் தாவும் இடத்தை இவர் நேராகத் தாவியே கடப்பார். பதுங்கி நிற்கும் நேரம் மிச்சம் என்பது துரத்தலில் பெரிய லாபம்.

ஆனால் இவரோடு நெடுநாள் ஆடிய பிறகும் எனக்கு ஒரு குறை உண்டு. காற்றில் இருக்கும் நேரம் அதிகம், இறங்கும் இடம் எப்போதும் கொஞ்சம் தள்ளியே அமையும். நாலாம் உலகம் பனிக்கட்டி நிறைந்தது. அங்கே இவர் இறங்கியதும் வழுக்கிப் போவதைத் தடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும். ஃபான்டோ மேலிருந்து வரும்போது நீண்ட நேரம் காற்றில் இருப்பதும் நல்லதில்லை. குறுகிய கூரை உள்ள அறை என்றால் லூயிஜியைத் தவிர்த்துவிடுங்கள்.

இவருடைய இந்தத் தாவலுக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. இந்த ஆட்டம் முதலில் மாரியோ ஆட்டமே இல்லை. 1987இல் ஜப்பானில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக வந்த "யுமே கோஜோ: டோகி டோகி பேனிக்" என்ற ஆட்டம்தான் மாற்றப்பட்டு மாரியோ ஆனது. அங்கே இமாஜின், மாமா, லினா, பாப்பா என்று நான்கு பேர். மாமா என்பது அம்மா பாத்திரம், பாப்பா என்பது அப்பா பாத்திரம். அந்த அம்மாவின் உயரத் தாவல்தான் லூயிஜிக்கு வந்தது. லினாவின் மிதப்பு பீச்சுக்கு வந்தது. பட்டனை அழுத்தி ஓடும் வசதி அந்த மூல ஆட்டத்தில் கிடையாது, மாரியோ வடிவத்தில்தான் சேர்த்தார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் முகமூடிகள்: நாம் தூக்கி எறியும் காளான் கட்டைகள்கூட மூல ஆட்டத்தில் முகமூடிகளாகத்தான் இருந்தன. ஃபான்டோ அந்த முகமூடி உலகத்தின் மிச்சம்.

மாரியோ: சமநிலைக்குக் கிடைக்கும் பலன்

மாரியோவைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. சுமையோடு ஓட்டம் நன்று, தாவல் நடுத்தரம், கை வேகமும் பரவாயில்லை. எந்த ஒரு வழிக்கும் இவர்தான் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் 20 லெவலையும் ஒரே ஆளோடு ஆடி, ஒரே தாவல் அளவைக் கைக்குப் பழக்க நினைப்பவர்களுக்கு இவர் நல்ல துணை. அடிக்கடி ஆள் மாற்றினால் தாவல் கணக்கு குழம்பும். அதுவும் ஒரு மறைந்திருக்கும் விலைதான்.

யாரை எடுத்தாலும் கையில் இருக்கும் வழி: சாவியைக் கீழே போடுவது

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சாவியைக் கையிலிருந்து விட்டால் ஃபான்டோ துரத்தலை நிறுத்தித் திரையை விட்டு விலகிப்போகும். மறுபடி எடுத்தால் மறுபடி வரும். ஆகவே முகமூடி கிட்டே வரும்போது சாவியைக் கீழே போடுங்கள், அது விலகியதும் எடுங்கள், கொஞ்ச தூரம் ஓடுங்கள். முன்னால் எறிந்துவிட்டு ஓடிப்போய் எடுப்பதும் அதே வேலைதான்.

இப்படிப் போனால் நேரம் பிடிக்கும். ஆனால் இந்த ஆட்டத்தில் நேரக் கெடு இல்லை. முந்தைய மாரியோ ஆட்டத்தில்போல மூலையில் எண்கள் குறைந்துகொண்டே வராது. அதனால் பொறுமைக்கு இங்கே விலை எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளத்தின் ஓரத்தில் சாவியை எறியாதீர்கள். உள்ளே விழுந்தால் அது முதலில் இருந்த இடத்துக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். பீச்சோடு இந்த முறையில் ஆடுபவர்கள் பதறாமல் போகலாம், மந்தமான வேகம் அங்கே பெரிய குறையாக இருக்காது. டோட் ஆட்டக்காரர்களுக்கு இந்த முறை அதிகம் தேவைப்படாது.

அடி வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. லெவல் தொடக்கத்தில் 2 புள்ளி. செடி பிடுங்கும்போது கிடைக்கும் மருந்துக் குப்பியை எறிந்தால் ஒரு கதவு தோன்றும்; அதன் வழியே இருள் உலகத்துக்குள் போய்க் காளான் எடுத்தால் அதிகபட்சம் 4 வரை ஏறும். தொட்டதும் உடல் மினுமினுக்கும் சில நொடிகளில் முகமூடி எதுவும் செய்யாது. கதவு அருகே இருந்தால் அந்த நொடிகளில் உள்ளே போய்விடலாம். ஆனால் இதை முதல் திட்டமாக வைக்காதீர்கள். முடிவில் வரும் எதிரிக்குப் புள்ளி மிச்சம் இல்லாமல் போகும்.

முகமூடியே வேண்டாம் என்பவர்களுக்கு

சில உலகங்களைத் தாண்டிச் செல்லும் ரகசிய வழிகள் உண்டு. 1-3இல் மருந்துக் குப்பியைச் சரியான ஜாடி அருகே எறிந்து, இருள் உலகத்தில் அந்த ஜாடிக்குள் இறங்கினால் நேராக நாலாம் உலகம். அந்த லெவலின் கோட்டையில் வரும் சாவி வேலையும், இரண்டு, மூன்றாம் உலகங்களும் அப்படியே கழிந்துவிடும்.

ஆனால் பழக்கமும் அவற்றோடு கழிந்துவிடும். இதுபோலவே 4-2இலிருந்து ஆறாம் உலகத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. அங்கே 6-1இல் நிறைய ஜாடிகள். எதில் சாவி என்று தெரியாமல் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்க வேண்டும். கிடைத்த பிறகு முகமூடி கிளம்பும். முந்தைய லெவல்களில் அதோடு ஓடிப் பழகாதவர்கள் அங்கே அவதிப்படுவார்கள். ஆட்டத்தை ஏற்கெனவே முடித்தவர்களுக்கு இந்த ரகசிய வழி நல்லது. முதல் தடவை ஆடுபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்த நிலைமைக்கு யார்

இப்போதுதான் ஆடத் தொடங்கியவர், என்.ஈ.எஸ் பதிப்பு: பீச். சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் போங்கள். ஆல்-ஸ்டார்ஸ் பதிப்பு என்றால் முதல் உயிரில் டோட்டை முயன்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் பீச்சுக்கு மாறலாம்.

வழி தெரிந்தவர், நீளமான நேர்த்தரை, மணல்: டோட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுக்கு மேடைகள், உயரமான கூரை: லூயிஜி, ஆனால் பனித்தரை இல்லையென்றால் மட்டும்.

6-1: வெறுங்கையோடு ஒரு முறை சுற்றிவந்து, எந்த ஜாடியில் சாவி, கதவு எங்கே, வழியில் எந்த எதிரி என்று பார்த்துவையுங்கள். சாவியைத் தொடும்வரை முகமூடி தூங்கும். இப்படிப் பார்த்துவைத்தால் டோட்டோ மாரியோவோ போதும்.

இன்னும் மனம் நிலைக்கவில்லை என்றால் 1-2இலேயே சோதித்துப் பாருங்கள். பறக்கும் கம்பளத்தில் போய் இறங்கிய பிறகு வரும் சாவி அது. இரண்டாவது லெவல்தான் என்பதால் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினாலும் சில நிமிடங்களில் அங்கே போய்விடலாம். ஒரு முறை பீச், ஒரு முறை டோட். சாவியோடு வெளியே வந்ததும் உங்கள் விரல் எந்தப் பட்டனைத் தேடுகிறது என்று கவனியுங்கள். ஓட்டத்தைத் தேடினால் டோட், தாவலை விடாமல் அழுத்தினால் பீச்.